இல்லத்தில் ஒரு மன்றம்

கூட்டம் என்னும் சொல் உங்களுக்குப் புதியதன்று. பள்ளியில் இலக்கிய மன்றக் கூட்டம் உண்டு. கல்லூரியில் பேரவைக் கூட்டம் உண்டு. ஊரில் கிராம சபைக் கூட்டம் உண்டு. அங்கெல்லாம் தலைமை தாங்க ஒருவர் இருக்கிறார். பேச வேண்டிய பொருள்கள் வரிசையாக எழுதப்பெறுகின்றன. எடுத்த முடிவுகள் ஏட்டில் ஏறுகின்றன. ஆனால் நாம் பிறந்து வளர்ந்து, உண்டு உறங்கும் வீட்டில் இப்படி ஒரு கூட்டம் நடப்பதைக் காண்பது அரிது. திருமணப் பேச்சு, மனை வாங்குதல், பாகப்பிரிவினை என்று ஏதேனும் வந்தால்தான் பெரியவர்கள் கூடத்தில் பாய் விரித்து உட்காருவார்கள். அப்போதும், "நீங்கள் போய் விளையாடுங்கள்" என்று குழந்தைகளை அனுப்பிவிட்ட பிறகே பேச்சுத் தொடங்கும். குழந்தைகளோ கதவுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டுவிடுவார்கள்; அது வேறு செய்தி.

வாரத்தில் ஒரு நாள், குடும்பத்தார் அனைவரும், எழுதப் படிக்கத் தெரியாத கடைக்குட்டி உட்பட, ஓரிடத்தில் அமர்ந்து வீட்டுக் காரியங்களைப் பேசி முடிவு செய்யும் வழக்கத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேசப்போகிறேன். அதைப் பெரியவர்கள் விரும்பும்படி நடத்துவது எளிது. அவர்கள் பேசவும் மற்றவர்கள் கேட்கவும் வழி செய்துவிட்டால் போதும். குழந்தைகள் தாமே விரும்பி வந்து உட்காரும்படி நடத்துவதுதான் அரிய கலை.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில், ருடால்ஃப் திரைக்கர்ஸ் என்னும் உளநூல் அறிஞரின் கருத்துகளைப் படிக்க நேர்ந்தது. அவர் 1897இல் வியன்னா நகரில் பிறந்தவர். ஆல்பிரட் ஆட்லரின் வழிவந்த மருத்துவர். 1937இல் அமெரிக்கா சென்று சிக்காகோ நகரில் பணியாற்றினார். 1964இல் வெளிவந்த அவருடைய நூலொன்றில் குடும்ப மன்றத்திற்கென்றே ஒரு பகுதி உண்டு. வாரத்தில் ஒரு குறித்த வேளை, யாவர்க்கும் பேசும் உரிமை, முறை மாறி வரும் தலைமை என்பவை அவர் வற்புறுத்திய கருத்துகள். இவற்றுக்கு அடிப்படையானது ஆட்லர் கண்ட உண்மை ஒன்று. குழந்தை பசிக்கு உணவு தேடுவது போலவே, குடும்பத்தில் தனக்கென ஓர் இடத்தையும் தேடுகிறது. பயனுள்ள செயலால் அந்த இடம் கிடைத்தால் அதைப் பற்றிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் அடம்பிடித்தேனும், தம்பியைக் கிள்ளியேனும் அதைப் பெற்றே தீரும். வகுப்பில் கடைசிப் பலகையிலிருந்து விசில் அடிக்கும் மாணவனைக் கண்டபோதெல்லாம் எனக்கு இந்தக் கருத்து நினைவுக்கு வந்ததுண்டு. கரும்பலகையைத் துடைக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தால், பாதி விசில் நின்றுவிடும்.

எனக்குத் தெரிந்த அலுவலர் ஒருவர் யாரோ சொல்லக் கேட்டுத் தம் வீட்டில் குடும்பக் கூட்டம் தொடங்கினார். முதல் வாரம் மகனுடைய கணக்குப் பாட மதிப்பெண்ணைப் பற்றிப் பேசினார். அடுத்த வாரம் மகள் காலையில் எழத் தாமதிப்பதையும், மனைவி மாதத்திற்கு எத்தனை லிட்டர் எண்ணெய் செலவிடுகிறார் என்பதையும் எடுத்துக்கொண்டார். மூன்றாம் வாரம் மகனுக்கு வயிற்றுவலி, மகளுக்கு வீட்டுப்பாடம், மனைவிக்கு மாவு அரைக்கும் வேலை. நான்காம் வாரம் கூட்டமே இல்லை. அவர் நடத்தியது கூட்டமன்று. வழக்குத் தொடுத்தவரே நீதிபதியாகவும் அமர்ந்த நீதிமன்றம். குற்றவாளிக் கூண்டில் ஏறுவதற்கு எந்தக் குழந்தை விரும்பி வரும்?

ஆகவே, சென்ற வாரத்தில் யார் யாருக்கு எந்த நன்மை செய்தார் என்பதைச் சொல்லிக் கூட்டத்தைத் தொடங்குவது நல்லது. "அக்கா என் செருப்பைத் தேடித் தந்தாள்" என்ற அளவில் இருந்தால் போதும். நாற்காலியில் சிலரும் தரையில் சிலருமாக உட்காராமல், எல்லாரும் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். கண்கள் ஒரே மட்டத்தில் சந்தித்தால் பேச்சின் தன்மையே மாறுவதைக் காணலாம். இருபது நிமிடத்திற்கு மேல் நீட்டக் கூடாது. வீட்டில் மிகச் சிறிய குழந்தையின் பொறுமையே கூட்டத்தின் கடிகாரம். முடிவில் சுண்டலோ வேர்க்கடலையோ, அதன் பின் தாயமோ பரமபதமோ இருக்கட்டும். ஆனால் ஒன்றை மறவாதீர்கள். குழந்தை முதல் வாரம் சுண்டலுக்காக வரும். பத்தாம் வாரமும் வர வேண்டுமானால், தான் சொன்ன ஒன்று வீட்டில் நடந்ததை அது தன் கண்ணால் கண்டிருக்க வேண்டும். இது இல்லாவிட்டால் மற்ற உபாயங்கள் எல்லாம் வீண்.

இதற்கு ஒரு மெய்யான எடுத்துக்காட்டு உண்டு. 2018ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை குன்றியது. அதன் விளைவு 2019 கோடையில் தெரிந்தது. சென்னைக்கு நீர் வழங்கும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டுபோயின. தாம்பரத்தை அடுத்த எங்கள் பகுதியில் ஆழ்துளைக் கிணறுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இரண்டு நாளுக்கு ஒரு முறை விடியற்காலை ஐந்து மணிக்கு லாரித் தண்ணீர் வரும்; வீட்டுக்கு இருபது குடம். நானும் என் மனைவியும், மகனும் மருமகளும், பதினொரு வயதுப் பேத்தியும் ஆறு வயதுப் பேரனுமாக நாங்கள் ஆறு பேர். குடிக்கவும் சமைக்கவும் தனியே விலைக்கு வாங்கினோம். மற்ற எல்லாவற்றிற்கும் இந்த இருபது குடமே.

எங்கள் வீட்டில் அதற்கு முன்பே ஞாயிறு மாலை, விளக்கேற்றிய பின் கூடும் வழக்கம் இருந்தது. நாள்காட்டி தொங்கும் ஆணியிலேயே நாற்பது பக்க நோட்டு ஒன்றையும் பென்சில் ஒன்றையும் நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தோம். வாரத்தின் எந்த நாளிலும், எவரும் பேச விரும்பும் பொருளை அதில் எழுதலாம். எழுதத் தெரியாதவர் படம் வரையலாம். பேரன் அந்த வாரம் ஒரு டம்ளரை வரைந்திருந்தான். பேத்தியோ தெளிவான கையெழுத்தில், "குடம் தூக்குவது அம்மாவும் நானும் மட்டும். ஏன்?" என்று எழுதியிருந்தாள்.

அன்று தலைமை அவளுடைய முறை. முதலில் கணக்குப் போட்டாள். குடத்திற்குப் பதினைந்து லிட்டர், இருபது குடத்திற்கு முந்நூறு, நாளொன்றுக்கு நூற்றைம்பது, ஆளுக்கு இருபத்தைந்து. அதற்கு முதல் நாள் துவைக்கும் எந்திரத்தில் நீர் ஊற்றி ஓட்டியபோது ஐந்து குடம் செலவானதைத் தானே எண்ணி வைத்திருந்தாள். அதாவது மூன்று பேருடைய ஒரு நாள் பங்கு ஒரே துவைப்பில் போய்விடுகிறது! பள்ளிச் சீருடையும் அலுவலக உடையும் மட்டும் கையால் துவைப்பது, அலசிய நீரைக் கழிவறைக்கு வைத்துக்கொள்வது என்று ஐந்து நிமிடத்தில் முடிவாயிற்று. இதையே நான் உபதேசமாகச் சொல்லியிருந்தால் ஐந்து நாள் முணுமுணுப்பு எழுந்திருக்கும்.

அடுத்தது டம்ளர். எல்லாரும் தண்ணீர் குடித்துவிட்டு அடியில் கொஞ்சம் மிச்சம் வைக்கிறார்கள், அதை ஒரு வாளியில் சேர்த்தால் துளசிக்கு ஊற்றலாம் என்பது பேரனின் யோசனை. யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக் கூடாது என்பது கூட்டத்தின் விதி. அன்றிரவே அடுக்களை மூலையில் ஒரு சிறு வாளி வந்தது. அதைக் காக்கும் பணியும் அவனுக்கே கிடைத்தது. அந்தக் கோடை முழுவதும் எங்கள் துளசி அந்த வாளி நீரால் பிழைத்தது. அது பெரிய சேமிப்பன்று. நாளொன்றுக்கு அரைக் குடம்கூடத் தேறியிராது. ஆனால் அடுத்த ஞாயிறு, "கூட்டம் எப்போது?" என்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தவன் அவன்தான்.

மூன்றாவது கேள்விதான் கடினமானது. பேத்தி அதைப் படித்தவுடன் சிறிது நேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. "ஆண் பிள்ளைகள் குடம் தூக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையே, கண்ணு" என்றார் என் மனைவி. "வழக்கம் இல்லைதான் பாட்டி. ஆனால் எனக்குக் காலையில் தோள் வலிக்கிறதே" என்றாள் பேத்தி. அதில் கோபம் இல்லை, உள்ளதைச் சொன்னாள். இரவு வெகுநேரம் கழித்து வேலையிலிருந்து திரும்புபவன் என் மகன். விடியலில் எழுவது அவனுக்கும் எளிதன்று. அதையும் அவன் சொன்னான்; அதையும் கேட்டோம். மருமகள் அதுவரை பேசாதிருந்தார். பிறகு, "மாமா வரிசையில் இடம் பிடித்தால், நாங்கள் அரைமணி நேரம் பின்னால் வரலாம்" என்றார். வரிசையில் நிற்கும் பணியை நான் ஏற்றேன். லாரி வரும் நாள்களில் ஒன்றுவிட்டு ஒன்று குடம் சுமப்பதை மகன் ஏற்றான். பேத்திக்கு அந்த நாள்களில் ஓய்வு.

மறுவாரம் கூட்டத்தின் தொடக்கத்தில் சென்ற வார முடிவுகள் படிக்கப்பெற்றன. அப்பா ஒரு நாள் வந்தார், ஒரு நாள் வரவில்லை என்று நோட்டில் இருந்ததை இருந்தபடியே படித்தார்கள். ஏசுவாரும் இல்லை, இடித்துரைப்பாரும் இல்லை. அதற்கடுத்த வாரம் அவன் ஒரு நாளும் தவறவில்லை. எடுத்த முடிவை மறுவாரம் உரக்கப் படிப்பதில் உள்ள ஆற்றல் வேறு எந்தத் தண்டனையிலும் இல்லை என்பது என் துணிபு. கூட்டம் நடத்தும் பலர் இந்த ஒன்றைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

நாங்கள் வாக்கெடுப்பு நடத்தவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். நாட்டு மன்றத்திற்கு வாக்கு வேண்டும். வீட்டு மன்றத்திற்கு அது ஒத்துவராது. நான்குக்கு இரண்டு என்று தோற்றவரும் அதே வீட்டில்தான் படுத்துறங்க வேண்டும், அல்லவா? ஒருவருக்கேனும் மனம் ஒப்பாவிட்டால், "ஒரு வாரம் செய்து பார்ப்போம்" என்று வைத்துக்கொள்வதே நலம். ஒரு வாரத்திற்கு எந்தக் குழந்தையும் இணங்கும். பெரியவர்களும் பெரும்பாலும் இணங்குவார்கள்.

தலைமை யாருக்கு என்பதில் சண்டை வந்தால் சீட்டுக் குலுக்கிப் போடலாம். சீட்டை எடுக்கும் வேலை கடைக்குட்டியினுடையது. இதற்கு நம் நாட்டிலேயே பழைய முன்மாதிரி உண்டு. உத்தரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளுக்கு உரியவை. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, வாரிய உறுப்பினரைத் தேர்ந்த முறையை அவை விரிவாகக் கூறுகின்றன. குடத்திலிருந்து ஓலையை எடுத்தவர் யார் தெரியுமா? உள்ளே எவர் பெயர் இருக்கிறது என்பதை அறியாத சிறுவன் ஒருவன். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் மீண்டும் இடமில்லை என்ற விதியும் அங்கே இருந்தது. நிலமும் கல்வியும் உடைய அந்தண ஆடவருக்கே உரிய சபை அது. பெண்களுக்கோ மற்றையோருக்கோ அதில் இடமில்லை. ஆதலால் அதை அப்படியே புகழ வேண்டுவதில்லை. சிறுவன் கையையும், கணக்குக் காட்டும் கடமையையும் மட்டும் நாம் நம் வீட்டுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

விதி என்று ஒன்று வந்தால் அது எல்லாரையும் கட்ட வேண்டும். குழந்தைகள் மிகக் கூர்ந்து பார்ப்பது இதைத்தான். போலந்து நாட்டு வார்சா நகரில் 1912இல் யூத அநாதைக் குழந்தைகளுக்கென ஓர் இல்லம் திறக்கப்பெற்றது. அதை நடத்தியவர் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர், சிறந்த எழுத்தாளரும்கூட. அவ்வில்லத்தில் குழந்தைகளே நீதிபதிகளாக அமர்ந்த நீதிமன்றம் ஒன்று இருந்தது. அதன் சட்டத் தொகுப்பில் பெரும்பகுதி மன்னிப்பதற்கான விதிகளே. கோர்ச்சாக் மீதே குழந்தைகள் முறையிட்டதுண்டு. அவரும் அம்மன்றத்தின் முன் நின்றார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அக்குழந்தைகளை திரெப்ளிங்கா கொலைக் களத்திற்குக் கொண்டுசென்றபோது, அவர்களைப் பிரிந்து தம் உயிரைக் காத்துக்கொள்ள அவர் இசையவில்லை. அவர்களோடு சென்று மாண்டார். ஒரு குழந்தையின் முன் பெரியவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற கொள்கையை அவர் விளையாட்டாகக் கொள்ளவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

எங்கள் வீட்டிலும் சிறிய அளவில் இது நிகழ்ந்தது. உணவு வேளையில் கைப்பேசி கூடாது என்று ஒரு முறை என் மகன் முன்மொழிந்தான். "குழந்தைகளுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" என்று கேட்டாள் பேத்தி. எல்லாருக்கும் என்றே எழுதப்பெற்றது; மீறியவர் அன்றைய தட்டுகளைக் கழுவ வேண்டும் என்பதும் சேர்ந்தது. மூன்றாம் நாள் இரவு உணவின்போது மகனுடைய கைப்பேசி ஒலித்தது. எடுத்தான், பேசினான். பின்பு ஆறு தட்டுகளையும் கழுவினான். அதன் பிறகு அந்த விதியைப் பற்றி வீட்டில் ஒருவரும் முறையிடவில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் குழந்தைகளைக் கேட்டுத்தான் செய்ய வேண்டுமா என்று உங்கள் பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் இந்தியா 1992இல் இணைந்தது. தம்மைப் பாதிக்கும் காரியங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைகளுக்கு உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்க வேண்டும் என்று அதன் 12ஆவது பிரிவு கூறுகிறது. கேட்பது வேறு, கேட்டபடியெல்லாம் நடப்பது வேறு. தடுப்பூசி போட்டுக்கொள்வதா என்பதும், தலைக்கவசம் அணிவதா என்பதும் கூட்டத்துக்கு உரிய பொருள்கள் அல்ல. எவை கூட்டத்தில் முடிவாகும், எவை பெற்றோர் முடிவு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லையேல், குழந்தை ஒன்றைச் சொல்ல, பெரியவர் அதைத் தள்ள, கூட்டம் வெறும் நாடகம் என்று அதற்குப் பட்டுவிடும். மேலும், ஒருவருடைய மதிப்பெண், அச்சம், உடல்நோய் போன்றவற்றை அவர் விரும்பாமல் பாயில் விரிக்கக் கூடாது. அவை தனியே, தோளில் கைபோட்டுப் பேச வேண்டியவை.

இனி, உங்களுக்கு. "ஐயா, எங்கள் வீட்டில் அப்பா முன் உட்கார்ந்து பேசும் பழக்கமே இல்லை, நான் எப்படித் தொடங்குவது?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார். குடும்ப மன்றம், உரிமை, தலைமை என்ற பெரிய சொற்களோடு தொடங்காதீர்கள். அவை கேட்ட மாத்திரத்தில் எந்தத் தந்தைக்கும் புருவம் நெரியும். பொங்கல் வருகிறது; வெள்ளையடிக்க வேண்டும். எந்த அறைக்கு எந்த நிறம், பரணிலிருக்கும் பழைய சாமான்களில் எது போக வேண்டும், எது இருக்க வேண்டும் என்று ஒரு ஞாயிறு மாலை பத்து நிமிடம் பேசலாமா என்று கேளுங்கள். தம்பி தங்கையரை முதலில் பேச விடுங்கள். நீங்கள் கடைசியில் பேசுங்கள். முடிவுகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் செய்பவர் பெயரையும் எழுதுங்கள். மிகச் சிறியவர் சொன்னவற்றில் ஒன்றையாவது, அடுத்த நாள் பொழுது சாய்வதற்குள் செய்து முடியுங்கள். மறு ஞாயிறு அந்தத் தாளைப் படிக்க இன்னொரு முறை உட்காரலாம். அப்போது அது இரண்டாம் கூட்டம் என்று ஒருவருக்கும் தோன்றாது.

தந்தை வர மறுத்தால் வாதாட வேண்டா. தாயோடும் உடன்பிறந்தாரோடும் கூடத்தின் நடுவிலேயே, அவர் காதில் விழும்படி பேசுங்கள். அவர் திண்ணையில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதன் பக்கம் நெடுநேரமாகத் திரும்பாமல் இருந்தால், அவருக்கும் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுத்தனுப்புங்கள்.